நியர் மிஸ்

ருவைஸில் வெள்ளி இரவு பதினொன்றரை.
பார்க்கிங் சரிவின் உச்சியில்
நானும் ஒரு டிராலியும்.
உள்ளே ஐந்து கிலோ பொன்னி, இரண்டு லெபன்,
தள்ளுபடியில் கிடைத்த தலையணைகள்.

ஆளில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.
தொழில் அது.
சுத்திகரிப்பு ஆலையில் பாதுகாப்பு அலுவலர்.
ஏணியில் ஏறுகிறவன் கொக்கியை மாட்டினானா,
ஹெல்மெட் வாரை இறுக்கினானா,
வால்வைத் திருகும்போது வாயை மூடிக்கொண்டிருக்கிறானா என்று
பார்த்துப் பார்த்தே
பத்தொன்பது வருடம்.

பிறகு
இரண்டு காலையும் கம்பியில் தூக்கி வைத்து
விட்டுவிட்டேன்.

முதலில் மெதுவாகத்தான்.
கடலின் ஈரம் சட்டைக்குள் புகுந்தது.
தலையணைகள் குதித்தன.
எல்லா டிராலியிலும் ஒரு சக்கரம்
தன் போக்கில் இழுக்குமே,
அது என்னை லேண்ட் க்ரூஸர்கள் பக்கம் இழுத்தது.
"ஹோய்" என்றேன்.
யாரிடமென்று தெரியவில்லை.

தூணுக்கு ஒரு சாண் முன்னால்
செருப்பைத் தேய்த்து நின்றோம்.
ஒரு லெபன் மட்டும் உருண்டு போய்
யாருடைய காருக்கடியிலோ படுத்துக்கொண்டது.

அதை எடுக்க மண்டியிட்டபோது
சிரிப்புச் சத்தம் கேட்டது.
திடுக்கிட்டுத் திரும்பினேன்.
நான்தான்.

நடக்க இருந்து நடக்காமல் போனதைத்தான்
முதலில் பதிவு செய்யவேண்டும் என்று
ஞாயிறு தவறாமல் வகுப்பெடுக்கிறவன்.
அங்கேயே, முழங்காலில் நின்றபடி,
மனசுக்குள் படிவத்தை நிரப்பினேன்.
காயம்: இல்லை.
சேதம்: இடது செருப்பு, கொஞ்சம் கௌரவம்.
மூல காரணம்...

எல்லோருக்கும் கவனக்குறைவு என்றே எழுதுவேன்.
சுடலைமணிக்கும் போன மாதம் அதேதான்.
காலிக் குழாயொன்றில் தலையை விட்டு
கூ, கூ என்று கத்தி
எதிரொலிக்குக் காத்துக்கொண்டிருந்தான்.
எச்சரிக்கைக் கடிதம், இரண்டு பிரதி.
கையெழுத்துப் போட்டுவிட்டு,
மரியாதையாகத்தான் கேட்டான்:
"நீங்க ஒரு தடவகூட கத்திப் பாத்ததில்லையா சார்?"
தேதி போட மறந்துவிட்டாய் என்றேன்.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
வேறு யாராவது விட்டிருந்தால்
சிவப்பு மையில் சுழித்துத்
திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஏற்றத்தில் டிராலி கனத்தது.
சாமான்களைக் காரில் அடுக்கிவிட்டு
சங்கிலியை மாட்டியதும்
என் ஒரு திர்ஹத்தைத் துப்பியது.

வாசலில் காவலர் தில்பகதூர்
பேசாமல் விரலை உயர்த்திக்
கூரைக் கேமராவைக் காட்டினார்.
காது சுட்டது எனக்கு.
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"பூட்ட இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, சாப்."

உள்ளங்கையில்
காசு சூடாக இருந்தது.