நடு எண்

மூன்று எண்கள், ஒரு சாய்கோடு, ஓர் ஆங்கில எழுத்து.
185/60 R15.
வண்டி என்னிடம் வந்தபோது
இதுதான் அதன் செருப்பளவு.

முதல் எண் அகலம், மில்லிமீட்டரில்.
கடைசி எண் ரிம், அங்குலத்தில்.
நடுவில் இருப்பது அளவே இல்லை, பங்கு.
அகலத்தில் நூற்றுக்கு இத்தனை என்று
பக்கச்சுவருக்கு எழுதிவைத்த பாகம்.
முதல் எண்ணைத் தொட்டால்
நடு எண் மாறாமலே மாறிவிடும்.
இது விளங்க எனக்கு
இரண்டு ஞாயிறு பிடித்தது.

என்ஜினைத் திருத்தியாயிற்று.
புகைக்குழாய் மாற்றி, ஸ்பிரிங் மாற்றி,
முப்பது மில்லி தாழ்த்தி
எல்லாம் முடிந்து நிற்கிறது,
பட்டு வேட்டியும் ரப்பர் செருப்புமாய்
மாப்பிள்ளை.

ஜே.சி. ரோட்டில் இம்தாதுல்லா கடை.
ஆம்பூர்க்காரர்.
தமிழில் விலை சொல்வார், உருதுவில் குறைப்பார்,
கன்னடத்தில் பையன்களைத் திட்டுவார்.
"பதினேழு போடுங்க மேடம், 205/40. ஷோவா இருக்கும்."
"ரப்பர் எண்பத்திரண்டு மில்லிதானே வரும்?"
அவர் என்னைப் பார்த்தார்.
என் கணவரைப் பார்த்தார்.
இன்பசேகர் கைபேசியில்
பக்கத்தில் எங்கே மசால்தோசை என்று தேடிக்கொண்டிருந்தார்.
மறுபடி என்னைப் பார்த்தார்.
அதற்குப் பிறகு விலை தமிழிலேயே குறைந்தது.

வீட்டுத் தராசைக் கொண்டுபோயிருந்தேன்.
பதினேழு அங்குல ரிம் பத்தரை கிலோ.
பதினாறு, ஏழு நானூறு.
பஞ்சர் ஒட்டும் பையன் தானும் ஏறி நின்றான்,
ஐம்பத்தொன்று.
நம்பமாட்டேன் என்று இறங்கி மறுபடி ஏறினான்.

ஆசை பதினேழில்தான் இருந்தது, மறைப்பானேன்.
விடியுமுன் விமான நிலையச் சாலையில்
அந்த மெல்லிய கறுப்பு வளையம் சுற்றுவதை
ஒரு சிவப்பு வண்டியில் பார்த்திருக்கிறேன்.
காலில் கொலுசு மாதிரி.

வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியில்
வட்டங்கள் வெட்டினேன்.
ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு. அறுநூற்று ஒன்று. அறுநூற்றுப் பதினாறு.
ஹொரமாவு, இரண்டாம் நிலவறை, இரவு பத்து மணி.
காவலுக்கு இருந்த பிரபுல்லா டார்ச் பிடித்தார்.
"தீதி, பையனுக்குப் பள்ளிக்கூட வேலையா?"
எனக்குப் பையன் இல்லை.
ஆமாம் என்றேன்.

பெரிய வட்டம்
ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பியபோது மடங்கியது.
சின்னது தப்பித்தது.
ஆனால் 205/40க்கும் 195/50க்கும் நடுவே
பக்கச்சுவரில் பதினைந்தரை மில்லி,
என் சுண்டுவிரல் அகலம்.
அந்தச் சுண்டுவிரலுக்குள் அடங்கவேண்டியவை:
ஹென்னூர்ப் பாலத்தடிப் பள்ளம்,
வெள்ளைக்கோடு போடாத வேகத்தடைகள்,
கேபிள்காரன் தோண்டி
குடிநீர்க்காரன் தோண்டி
ஒருவரும் மூடாத என் தெருமுனை.
மழைநாளில் இவையெல்லாம் தண்ணீருக்கடியில்
ஒரே மட்டமாக இருக்கும்.

195/50 R16.
பழைய உருளலுக்கு ஒன்றரை மில்லி மட்டுமே குறைவு.
ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது.
இம்தாதுல்லாவே நட்டு முறுக்கினார்.
"கணக்கு சரி. கண்ணுக்குத்தான் கொஞ்சம் குறை."

வீடு திரும்பி, நிலவறைச் சரிவில் இறங்கும்போது
கிர்ரென்றது வயிறு.
ஒன்றரையில் பாதி, முக்கால் மில்லி,
அவ்வளவுதான் வண்டி இறங்கியிருக்கும்.
இத்தனை நாள் அந்த முகட்டை
முக்கால் மில்லிக்கும் குறைந்த தயவில்தான்
தாண்டிக்கொண்டிருந்தேன் போல.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். இன்பசேகர் இறங்கி நின்று
"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார்,
எதைக் கொஞ்சம் என்று சொல்லாமல்.

பிரபுல்லா ஓடிப்போய்
தூணோரம் சாய்த்திருந்த வட்டங்களை எடுத்துவந்தார்,
அந்தத் தப்பித்ததையும் மடங்கியதையும்.
சரிவின் தலையில், டயருக்கு ஒன்றாய் விரித்தார்.
ஏறினேன்.
சத்தமில்லை.

பதினேழு இப்போது தினமும்
என் சக்கரத்துக்கு அடியில் கிடக்கிறது,
நடுவில் புது டயரின் பல்வரிசை பதிந்து.
மழை பிடித்தால் நைந்துவிடும்.
ஃபிரிட்ஜ் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் இன்பசேகர்.