பூஜ்யம் புள்ளி ஒன்று

என் கணினியில் ஓடுகிறது.
முருகேஷ்பாளையத்து மூன்றாம் மாடியில்,
தண்ணீர் லாரி பாடிக்கொண்டே ரிவர்ஸ் எடுக்கும் சந்தில்
பிசகில்லாமல் ஓடுகிறது.
ராய்ச்சூர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
ஓடவில்லை.
சித்தலிங்கப்பா போட்டோ அனுப்பியிருக்கிறார்:
கறுப்புத் திரை, ஒற்றை வெள்ளை வரி,
'கோப்பு கிடைக்கவில்லை.'

பேசாமல் கணினியையே கட்டி அனுப்பிவிடு
என்று சிரித்தான் பக்கத்து இருக்கை ஜெர்வின்.
அதைத்தான் செய்யப்போகிறேன்,
கணினி இல்லாமல்.

முதல் வரியில் சொல்லவேண்டியது: எதிலிருந்து?
ஒரு காலி லினக்ஸிலிருந்து.
வாடகைக்கு வீடு காட்டுவார்களே, அப்படி.
ஃபேன் இல்லை. கொக்கி இருக்கிறது.

பைத்தான் வை என்றேன், வைத்தது.
எந்தப் பைத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்.
புத்தம் புதியதைக் கொண்டுவந்தது,
பழைய நூலகம் அதனோடு பேசமாட்டேன் என்றது.
ஒவ்வொன்றுக்கும் எண் குறித்தேன்,
புள்ளிக்குப் பின் எண், எண்ணுக்குப் பின் புள்ளி.

முதல் மூட்டை நாலு ஜிபி.
பிரித்துப் பார்த்தால்
கேஸ் பில், கடைவாய்ப் பல் எக்ஸ்ரே,
வாடகை ஒப்பந்தம் மூன்று நகல்.
எதை அள்ளக்கூடாது என்றும்
எழுதித் தரவேண்டுமாம்.

இரண்டாவது எழுந்து உட்கார்ந்தது.
மணி கேட்டேன்.
நள்ளிரவு பன்னிரண்டு என்றது.
வாசலில் பால் பாக்கெட் விழுந்த சத்தம்.
யாராவது சொல்லும்வரை
அது இந்தியாவில் இல்லை.

மூன்றாவது ரிப்போர்ட் அச்சிட்டது.
சர்க்கரை சரி, ஹீமோகுளோபின் சரி.
நோயாளி பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
கட்டம் கட்டம் கட்டம்.

கன்னட எழுத்துரு.
என் கணினியில் மட்டும் அதை யார் வைத்தது?
தேதி பார்த்தேன். மூன்று வருடம் முன்னால்
ஒரு சனிக்கிழமை.
அப்போது இந்த லேப்டாப் சௌபர்ணிகாவுடையது.
போகும்போது ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்தாள்,
மவுஸைக்கூடக் கணக்குக் காட்டி ஒப்படைத்தாள்,
இதை விட்டுப் போயிருக்கிறாள்.
நான் இதன்மேல் ஏறி நின்றுகொண்டு
என்னுடையது ஓடுகிறது, ஓடுகிறது என்று.

சேர்த்தேன். ஒரே வரிதான்.
பெயரிட்டேன்: பூஜ்யம் புள்ளி ஒன்று.
அங்கே நெட் இழுக்காது என்பதால்
பென்டிரைவை உறையில் போட்டு
மெஜஸ்டிக்கில் ராத்திரி பஸ் டிரைவரிடம் கொடுத்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு போன்.
"பந்து மேடம், பந்து."
எட்டு வருடமாகியும் அந்தக் கன்னடச் சொல்
காதில் விழும்போதெல்லாம் எனக்கு
ஒரு பந்துதான் உருண்டு வருகிறது.
வந்துவிட்டதாம்.
ஓடுகிறதா என்று கேட்பதற்குள்
அங்கே கரண்ட் போய்விட்டது.