கூடுதல் ஒன்று

திருவலம் தாண்டி, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
ஜன்னலே இல்லாத கட்டடம்.
'பால்பவுடர் கம்பெனியாம்மா?' என்பார் ஷேர் ஆட்டோக்காரர்.
ஆமாம் என்றுவிடுவேன். சுலபம்.

உள்ளே வரிசை வரிசையாக ரேக்குகள்.
அவற்றின் முகம் பார்க்கும் சந்தில் குளிர்,
முதுகுப் பக்கச் சந்தில் அனல்.
வரைபடத்தில் எண்கள் இருக்கின்றன; நான் வைத்த பெயர்கள்
ஏலகிரி, வேலூர்.
இரண்டும் கலக்கக் கூடாது. கலந்தால் கரண்ட் பில்.
காலி இடுக்குகளில் மூடித் தகடு சொருகுவதுதான்
என் முதல் மாத வேலை.
நானூற்றுப் பன்னிரண்டு தகடு. ஒரு நகம் போயிற்று.

நிற்கிற தரை தரையல்ல.
இரண்டடி கீழே இன்னொன்று இருக்கிறது, நடுவில் காற்று ஓடுகிறது.
ஓட்டைத் தெரியாமல் தூக்கினால்
சுடிதார் குடையாகும்.

ஒரு யூனிட் கணக்குப் போட,
முக்கால் யூனிட் அந்தக் கணக்கின் காய்ச்சலை இறக்க.
மொத்தம் ஒன்றேமுக்கால்.
ஒன்றரைக்குக் கொண்டுவா என்கிறார் மேலாளர்,
மே மாதத்தில், இந்த ஊரில்.
என் சம்பளத்தை அதேபோல் வகுத்துப் பார்த்தேன்:
வாடகை, சீட்டு, தம்பியின் பைக் தவணை போக
எனக்கென்று நிற்பதால் வகுத்தால்
ஆறு வருகிறது.

பாலாறு முழுக்க மணல்.
எங்கள் குளிர்கோபுரத்துக்கு நாளைக்கு ஆறு லாரித் தண்ணீர்.
சேர்க்காட்டில் குடத்தோடு ஒருத்தி கைகாட்டி நிறுத்தி,
'அங்க யாருப்பா இவ்ளோ குடிக்கிறாங்க?' என்றாளாம்.
என்ன சொன்னீங்க என்று டிரைவரைக் கேட்டேன்.
அவர் வால்வைத் திறக்கப் போய்விட்டார்.

ஜெனரேட்டர் மூன்று போதும்; நிற்பது நான்கு.
தேவை, அதற்குமேல் ஒன்று. அதுதான் வடிவமைப்பு.
நான்காவதைத் திங்கள்தோறும் பத்து நிமிடம்
ஓடவிட்டு அணைப்பார் முஸ்தாக் அண்ணன்,
மேல்விஷாரத்துக்காரர், முகர்ந்தே டீசலில் கலப்படம் சொல்பவர்.
இரவுக்கு ஆள் இரண்டு போதும் என்றது தணிக்கை.
மூன்றாவது பெயர் எப்சிபா. நான்.
ஜூன் ஒன்று முதல் வேண்டாம் என்று மெயில் வந்தது,
பிழையில்லாத தமிழில்.

மே இருபத்து மூன்று, கத்திரி. இரவு இரண்டு பதினான்கு.
புழுதிக்காற்று, பின்னாலேயே மழை,
எங்கோ லைன் அறுந்தது.
விளக்கு ஒரு சிமிட்டுகூடச் சிமிட்டவில்லை.
பேட்டரி தோள்கொடுத்துவிட்டது, பத்து நிமிடத்துக்கு மட்டும்.
முதல் ஜெனரேட்டர் எழுந்தது. இரண்டாவதும்.
மூன்றாவது இருமியது,
இன்னொரு தரம் இருமியது,
அவ்வளவுதான்.
நான்காவது தானே எழ வேண்டும். எழவில்லை.

ஹரிபாபுவுக்குத் திரையை விட முடியாது.
லூர்து பம்புகளோடு; ஏலகிரியில் இருபத்தெட்டு டிகிரி ஏறிவிட்டது.
முஸ்தாக் அண்ணன் அக்கா மகள் கல்யாணத்தில்.
மிச்சம் இருந்த கைகள் இரண்டு.

முற்றம் தாண்டி ஓடினேன்.
தானியங்கியில் நிற்க வேண்டிய குமிழ்
'கை' என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.
திங்கட்கிழமை யாரோ திருப்பி வைக்க மறந்திருக்கிறார்கள்;
யார் என்று தெரியும், எழுத மாட்டேன்.
திருப்பினேன்.
மூன்று விநாடி மழைச் சத்தம் மட்டும்.
அப்புறம் அது கனைத்தது.
பேட்டரியில் பாக்கி நான்கு நிமிடம்.

அந்நேரம் ஆஸ்பத்திரியில்
நூற்று எட்டாம் டோக்கன் திரையில் வந்திருக்கும்.
ஆம்பூரில் யாரோ தூக்கம் வராமல்
செருப்பு அளவை மாற்றியிருப்பார்கள்.
துபாய்க்குப் போன 'தூங்கிட்டியா'வுக்கு
இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கும்.

வருடத்துக்கு ஐம்பத்திரண்டு நிமிடம் சாக அனுமதி உண்டு இந்தக் கட்டடத்துக்கு.
நான்கு ஒன்பது என்பார்கள் அதை.
அன்று ஒரு விநாடியும் செலவாகவில்லை.
ஹரிபாபு அறிக்கையில் எழுதினான்:
பாதிப்பு, இல்லை.

நனைந்த துப்பட்டாவை
வேலூரில் காயப்போட்டேன், ஒரு ரேக்கின் முதுகில்.
ஏழு நிமிடத்தில் மொறமொறவென்று ஆனது.
கேமரா பார்த்திருக்கிறது.
வெப்பச் சந்தில் துணி, விதிமீறல்:
அந்த மாதம் என் பெயரில் ஏறிய
ஒரே குறிப்பு.