தலைக்கு வந்தது

எனக்குத் தலையில் முடி இல்லை.
இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
முடியுள்ளவர்களுக்கு வியர்வை
ஒரு காட்டைக் கடந்து இறங்குகிறது.
எனக்கு அது தார் ரோட்டில் விழும் மழை.
புருவங்கள் இரண்டும்தான் அணை.
உடைந்தால், கண்.

அடிலெய்டில் ஜனவரி.
நாற்பத்தொரு டிகிரி என்று ரேடியோ சொன்னதும்
பஸ்ஸில் போங்கோ என்றாள் சுகிர்தா.
நான் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து
உச்சந்தலையில் விரித்து
அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்தேன்.
குட்வுட் தாண்டுமுன்
கைக்குட்டை அப்பளம்.

ஹெல்மெட் வந்த பெட்டியில் ஒரு படம்:
பதினான்கு துளைகளிலும்
நீல அம்புகளாகக் காற்று நுழைகிறது.
நுழையத்தான் செய்தது,
கச்சான் வறுக்கும் மணல் சட்டியிலிருந்து
நேராகக் கிளம்பி வந்த காற்று.

மிதிக்கிற வரைக்கும் பரவாயில்லை.
சிவப்பு விளக்கில் கால் ஊன்றியதும்
அதுவரை ஒளிந்திருந்த வியர்வை எல்லாம்
ஒரே வரிசையில் வெளியே வரும்,
படம் முடிந்த தியேட்டர் போல.

மரியன் ரோடு சிக்னலில் கழற்றி
ஹாண்டிலில் மாட்டினேன்.
அடடா.
அடுத்த மர நிழல் வரைக்கும்தான் என்று
எனக்கும் எனக்கும் ஒரு பேரம்.
மரம் வருமுன்னே திரும்பப் போட்டுக்கொண்டேன்.
சட்டத்துக்குப் பயந்தல்ல,
உயிருக்குப் பயந்துமல்ல.
மொட்டைத் தலை சுட்டது,
அவ்வளவுதான்.

ஜெட்டி ரோட்டில், கடல் கண்ணில் படும் தூரத்தில்,
சன்ஸ்கிரீன் கரைந்த ஒரு சொட்டு
இடது கண்ணில் விழுந்தது.
உப்பும் மருந்தும் எரிச்சலும்.
ஒரு கை கண்ணுக்குப் போனது,
முன்சக்கரம் ட்ராம் தண்டவாளத்துக்குப் போனது.

தேங்காய் உடைக்கும் சத்தம்.
நான் அதைத்
தேங்காய்க்கு உள்ளேயிருந்து கேட்டேன்.

ஐஸ்கிரீம் கடைப் பெண் ஐஸ் பையோடு ஓடி வந்தாள்.
இன்றைக்கு என்ன கிழமை என்றாள்.
ஷிப்ட் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கு என்றேன்.
கிழமையைக் கேட்டேன் என்றாள் மறுபடி.
அவள் தோளுக்குப் பின்னால்
கோனை நக்கியபடி ஒரு சிறுவன்
நான் செத்துப்போவேனா என்று
பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.
செவ்வாய், என்றேன்.

ஆஸ்பத்திரியில் விளக்கடித்துப் பார்த்து அனுப்பினார்கள்.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு
என்றாள் சுகிர்தா காரை எடுத்தபடி,
அதற்குப் பிறகு வீடுவரை ஒன்றும் சொல்லவில்லை.

ஹெல்மெட்டின் வெள்ளை நுரைக்குள்
மயிரிழை அளவு விரிசல்.
எனக்கு இல்லாத மயிர்.
ஒருமுறை அடி வாங்கியது மறுமுறை தாங்காது.
அப்படியே எறிந்தால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள் என்று
வாரை நானே நறுக்கினேன்.
மூன்று கோடைகளின் உப்பு
வெள்ளை வெள்ளைக் கோடுகளாக இறுகியிருந்தது.
கத்தரிக்குள் மொறுமொறுத்தது.

இப்போது புதியது.
நெற்றிக்கு ஒரு துணிப்பட்டை,
உள்ளே கழற்றித் துவைக்கிற பஞ்சு,
கிரீம் புருவத்துக்குக் கீழே மட்டும்.
தண்டவாளம் வந்தால் இறங்கி உருட்டுகிறேன்.

கண்ணாடியில் குனிந்து பார்த்தால்
உச்சியில் இன்னும் பழைய ஹெல்மெட் இருக்கிறது,
பதினான்கு கறுத்த கீற்றுகளாக,
வெயில் கைப்பட வரைந்தது.
புதியதன் துளைகள் வேறு இடங்களில்.
இரண்டும் பொருந்த
இன்னும் ஒரு கோடை ஆகும்.