அழுங்கின் வால்

முன்னூற்று எழுபது செதில்.
எண்ணித்தான் வெட்டினேன்.
கழுத்தை எட்டும்போது பதினொன்று குறைந்தது.

இரவு ஷிப்ட் முடிந்து பாயான் லெப்பாஸிலிருந்து வந்தால்
ஊருக்கு விடிகிற நேரம் எனக்குச் சாயங்காலம்.
ரெலாவில் ஏழாவது மாடி.
சாப்பாட்டு மேசையில் பாதி சாப்பாட்டுக்கு,
பாதி தையல் மிஷினுக்கு.
ஒருமுறை பருப்புக் குழம்பில் பாபின் கிடந்தது.
ஜீவிதா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

தொழிற்சாலையில் கொடுப்பதும் ஓர் உடுப்புத்தான்.
தலையிலிருந்து கால்வரை வெள்ளை,
கண்ணுக்கு மட்டும் விட்ட இடம்.
அதன் தையலைப் பார்த்திருக்கிறேன்.
பிசிறில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை.
பன்னிரண்டு மணி நேரம் அதற்குள் இருந்துவிட்டு
வீட்டுக்கு வந்து நூலைக் கோக்கிறேன்.

ஏன் அழுங்கு என்று எல்லாரும் கேட்டார்கள்.
வாளேந்திய இளவரசி இருக்கிறாளே,
நீல முடி ஒன்று வாங்கி மாட்டினால் போதுமே,
படம் எடுக்க வரிசை நிற்குமே.
நான் என்ன சொல்ல?
தெலுக் பஹாங் சாலையில் ஒரு ராத்திரி
மோட்டார் வெளிச்சத்தில் ஒன்றைப் பார்த்தேன்.
முன்னங்கால் இரண்டையும் மார்போடு சேர்த்து,
கைமாற்றுக் கேட்க வந்த ஆளைப் போல
சாலையைக் கடந்து போனது.
அவ்வளவுதான்.

செதிலுக்குப் பழைய பதாகை.
ரூமா, ரூமா என்று ஆளுயர எழுத்தில்
வீடு விற்றுத் தீர்ந்த பதாகை.
எழுத்து உட்பக்கம், பழுப்புச் சாயம் வெளிப்பக்கம்.
துணி என்றால் தப்பாய்த் தைத்ததைப் பிரிக்கலாம்.
பதாகை மன்னிக்காது.
ஊசி போன ஓட்டை ஓட்டையாகவே நிற்கும்.
பதினெட்டாம் நம்பர் ஊசி மூன்று ஒடிந்தன.
இடக்கையை வலத்தோளில் வைத்துத் தைத்துவிட்டு
ஒரு ஞாயிறு முழுக்க எதுவும் பேசாமல் இருந்தேன்.

கீழ்வீட்டு லிம் ராத்திரி டாக்ஸி ஓட்டுகிறவர்.
காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினார்,
தலையெல்லாம் தூக்கம்.
என்ன இரைச்சல் என்றார்.
வாலைப் பார்த்தார்.
கேட்க வந்ததை விட்டுவிட்டுப் போனார்.
அன்றிலிருந்து மிஷினுக்கு அடியில்
யோகா பாய், மடித்த துண்டு, பழைய தலையணை.

குறைந்த பதினொன்றை
ஜீவிதாவின் மழைக்கோட்டில் வெட்டினேன்.
நல்ல மஞ்சள். சாயம் ஒட்டவில்லை.
(மழைக்காலம் வரட்டும், சொல்லிக்கொள்ளலாம்.)

போட்டி நாளன்று தெரிந்தது
நடக்க மட்டும்தான் தைத்திருக்கிறேன் என்று.
உட்கார வழியில்லை.
காரில் நுழையவில்லை.
பேருந்தில் கதவோரம் நின்றேன்.
வால் வெளியே மாட்டிக்கொண்டு
இரண்டு நிறுத்தம் தனியே காற்று வாங்கியது.
எக்கோர், எக்கோர் என்று ஒரு மாக்சிக் கத்த
ஓட்டுநர் பிரேக் போட்டார்.
நுனியில் நாலு செதில் போச்சு.
தூண்டில் நரம்பால் அங்கேயே குத்தித் தைத்தாள் ஜீவிதா,
திட்டிக்கொண்டே,
என்னைவிட நெருக்கமான தையல்.

மண்டபத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்திருந்தது.
மஞ்சள் கழுத்து ஆண் அழுங்குக்கா என்று ஒருவர் கேட்டார்.
ஆமாம் என்றேன்.
பிறகு ஒரு சின்னப் பெண், பல் விழுந்த வாய்,
இது சுருளுமா என்றாள்.

சுருட்டிப் பார்த்ததே இல்லை.

தரைவிரிப்பில் சாய்ந்து படுத்து
முழங்காலை இழுத்து
வாலை முகத்துக்கு மேல் கொண்டுவந்தேன்.
சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல
முதுகு முழுக்க ஒரு சத்தம்.
பிறகு இருட்டு,
பிளாஸ்டிக் வாடை, என் மூச்சுச் சூடு.

முதுகு வளைந்ததில் செதில்கள் நிமிர்ந்திருக்க வேண்டும்.
மேலே அந்தப் பெண் எழுத்துக்கூட்டுவது கேட்டது:
ரூ…
விரல் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்து நகர்கிறது,
இடுப்பருகே, விலாவருகே.
ரூ… ரூ…
மிச்ச எழுத்து எங்கே போயிற்று என்று
எனக்கும் தெரியவில்லை.

எழுந்திருக்கவும் வழி வைத்துத் தைக்கவில்லை.
தூக்கிவிட ஜீவிதா குனிந்தாள்.
கொஞ்சம் பொறு என்றேன்.