பாமினி வரவில்லை

திரையின் வலது மூலையில்
மூன்று வருடமாக ஒரு வாசகம்:
இந்தப் பிரதி அசலானதல்ல.
அதற்குப் பக்கத்தில் இருந்துகொண்டுதான் நான்
பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களை மொழிபெயர்த்து
"மூலத்துக்கு ஒத்தது" என்று
சத்தியப்பிரமாண முத்திரை குத்தினேன்.

வந்துபோனவர்கள் யாரும் கவனிக்கவில்லை.
பிறிண்டர் திருத்த வந்த நுஸ்கி கவனித்தான்.
"ஒங்கட தொழிலுக்கு இது சரியில்ல மிஸ்."
சிரிக்காமல் சொன்னான். அதுதான் சுட்டது.

அடுத்த கிழமை பென்டிரைவோடு வந்தான்.
லினக்ஸ் என்றான். எவ்வளவு என்றேன்.
"இது சும்மா. பஸ் காசு மட்டும் தாங்க."
சும்மா வருவதை
வெள்ளவத்தையில் யாரும் நம்புவதில்லை.
உள்ளே என்ன இருக்கென்று கேட்டேன்.
"விருப்பமெண்டா தொறந்து பாக்கலாம்.
எல்லாம் எழுதித்தான் இரிக்கி."

இருபத்தாறு நிமிடம்.
பாணந்துறைக்கு ஒன்று, மருதானைக்கு ஒன்று,
இரண்டு ரயில் போய் மேசை குலுங்கியது.
இருநூறு ரூபாய் சீடியில் வாங்கிய யன்னல்
சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

கடவுச்சொல் அடித்தால்
ஒரு புள்ளிகூட விழவில்லை.
உப்புக்காற்றில் கீபோட் போய்விட்டதென்று
மூன்று தரம் அடித்தேன்.
பிறகு கேட்டதற்குப் பதில்:
அனுமதி மறுக்கப்பட்டது.

இந்த நகரத்தில் அந்த வாக்கியத்தை
எத்தனை யன்னல் கம்பிகளுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன்,
சிலவேளை மொழிபெயர்த்தும் கொடுத்திருக்கிறேன்,
கூட நின்றவர்களுக்கு.
ஆனால் இங்கே
மறுத்ததும் நான். மறுக்கப்பட்டதும் நான்.
முன்னால் சூடோ என்று ஒரு சொல் சேர்த்தால்
வழிவிட்டது.
அப்படியொரு சொல் இருப்பதை
ஒருவரும் எனக்கு முன்பு சொல்லவில்லை.

திங்கட்கிழமை பழைய கோப்பைத் திறந்தால்
பாமினியைக் காணோம்.
இருபத்திரண்டு வருடம் என்னோடு வேலை செய்த எழுத்துரு.
அம்மா இருந்த இடத்தில்
நாலு ஆங்கில எழுத்து.
ம் தலையிலிருந்த புள்ளி
இறங்கி வந்து
அரைப்புள்ளியாக நடுவில் நின்றது.

நுஸ்கிக்கு அடித்தேன்.
"எப்பவும் அப்பிடித்தான் இரிந்த மிஸ்.
மேல தமிழ் மாதிரிப் போட்டுக் காட்டின, அவ்வளவுதான்."
போனை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம்
முத்திரையைப் பார்த்தேன்.
ஒத்தது. எதற்கு ஒத்தது?

அவன் அனுப்பியது ஒரேயொரு வரிக் கட்டளை.
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொரு கோப்புகள்.
விடியும்வரை ஓடுமென்று
பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றினேன்.
மூடியைத் திருகுமுன் முடிந்துவிட்டது.

வந்தார்கள்.
வல்லிபுரம் தவராணி. மரியாம்பிள்ளை ஜெசிந்தா.
கனடாவுக்கென்று பத்துப் பிரதி எடுத்து
போகாமலே இருந்துவிட்ட குகபாலன்.
பெயரில்லை என்று பதியப்பட்ட ஓர் ஆண் குழந்தை.
எல்லோரும் தங்கள் தங்கள் எழுத்தில்
எந்த வேஷமும் இல்லாமல்.

ஒரு பிழைதான்.
ஆங்கிலத்திலேயே கிடந்த முகவரிகளையும்
கட்டளை தமிழென்று நினைத்து மாற்றியிருந்தது.
கொழும்பு ஆறு என்று இருக்கவேண்டிய வரியில்
ஊழடழஅடிழ 6.

வாய்விட்டு வாசித்தேன்.
இரண்டாம் தரம் வாசிக்கையில் சிரிப்பு வந்தது.
மூன்றாம் தரம் ஊழ் என்று மட்டும் கேட்டது,
அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அதற்கும் ஒரு வரி. நானே எழுதினேன்.
ஓர் அடைப்பைத் தவறவிட்டு
இரண்டுதரம் திட்டு வாங்கி
மூன்றாவதில் ஓடியது.
எல்லா முகவரியும் திரும்பி வந்தது,
என் வாடகை ஒப்பந்தத்தைத் தவிர.
அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

மார்கழியில் வாடகை கூட்டக் கேட்டு
வீட்டுக்காரர் வருவார்.
திரையைத் திருப்பிக் காட்டுவேன்:
ஐயா, நீங்கள் கேட்கிற காசு கொழும்புக்குச் சரி.
நான் குடியிருப்பது
ஊழடழஅடிழயில்.