நாள்பட்டது

நாள்பட்டது என்று
தமிழ்க் கையேட்டில் போட்டிருந்தார்கள்.
நாள்பட்ட ஊறுகாய், நாள்பட்ட கடன்,
அண்ணனோடு நாள்பட்ட சண்டை,
இப்போது ரத்தமும்.
பதினோரு வருடமாக
அந்தச் சொல்லோடுதான் பல் துலக்குகிறேன்.

முதல் நாள் மருத்துவர் சொன்னார்:
'இப்போதைக்கு மருந்து வேண்டாம். பார்த்திருப்போம்.'
அப்போது பாசிர் பாஞ்சாங்கில்
நாற்பது மீட்டர் உயரத்தில்
பாரந்தூக்கிக் கூண்டில் என் வேலை.
கண்ணாடித் தரைக்குக் கீழே
கப்பலின் வயிறு திறந்து கிடக்கும்.
அங்கே எந்தப் பெட்டியையும் பார்த்திருக்க முடியாது.
ஏற்று, இல்லை இறக்கு.
வெள்ளணு மட்டும்
பெட்டிமேல் பெட்டியாக அடுக்கிக்கொண்டே போக
கையைக் கட்டிக்கொண்டு எப்படிப் பார்ப்பது?

கோமளவல்லி கேட்டாள்:
'மருந்தே தராத டாக்டருக்கு எதுக்குக் காசு?'
அவள் அழுதது வேறொரு நாள்,
ஊறவைத்த உளுந்தை மறந்து
புளிக்க விட்டதற்காக.

நான்காம் வருடம் அக்கி.
இடுப்பைச் சுற்றிக் கொதிக்கும் கயிறு.
சட்டைத்துணி பட்டாலே
பல்லைக் கடித்துக்கொள்வேன்.
ஆறாம் வருடம் நுரையீரலில் சளி கட்டி
அவுட்ரமில் பதினேழு நாள்.
அதோடு கூண்டேறும் அனுமதி போனது.
இப்போது கீழே, குளிரூட்டிய அறையில்
பெட்டி எண்களைச் சரிபார்க்கிறேன்.
மேலே என் இடத்தில் ஒரு பையன்.
நன்றாகத்தான் தூக்குகிறான்.
அதுதான் கொஞ்சம் எரிச்சல்.

ஏழிலிருந்து மாத்திரை.
மேசை முனை லேசாக இடித்தாலும்
மங்குஸ்தான் தோலைப் பிழிந்த மாதிரி
கையெல்லாம் கறை.
எம்ஆர்டியில் ஒரு சீன அம்மா
என் கையைப் பார்த்தார், பிறகு
கோமளவல்லியைப் பார்த்தார்.
'நான் அடிக்கலைங்க' என்றாள் இவள், தமிழில்.
அந்த அம்மா எழுந்து
எனக்கு இடம் கொடுத்தார்.

மாதம் ஒருமுறை
யார் யாரோ தந்த ரத்தத்தின் தெளிவு
நான்கு மணி நேரம் என் நரம்பில் சொட்டும்.
ஒரு புட்டியில் ஆயிரம் பேர் இருப்பார்கள்
என்றார் தாதி ஹாஜர்.
ஆயிரம் பேரின் பழைய காய்ச்சல்கள்.
என் உடம்புக்கு நினைவில்லாததை எல்லாம்
கடனாக நினைவில் வைத்திருப்பவர்கள்.
அதில் ஒருவருக்காவது
மீன்தலைக் கறி பிடித்திருக்கும்.

பக்கத்து நாற்காலி பூன் கெங்குடையது.
அவனுக்கும் இதே ரத்தம்.
சோதனைத் தாளில் வரும் எண்ணை
நான்கு இலக்கமாக்கி நம்பர் வாங்குவான்.
அவன் எண் ஒருமுறையும் விழவில்லை.
என்னுடையதை வாங்கினான்,
ஆறுதல் பரிசு.
என் வெள்ளணு அவனுக்கு
அறுபது வெள்ளி தந்தது.
கோப்பி ஓ வாங்கித் தந்தான், எனக்கு மட்டும்
சீனி இல்லாமல்.

மார்ச்சில் அந்த நாற்காலி காலி.
ஏப்ரலிலும்.
ஹாஜரிடம் கேட்டேன்.
திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
'சொல்லக் கூடாது அங்கிள்.'
நானாகவே மண்டாய்க்குக் கொண்டுபோய்
மனத்துக்குள் எரித்துவிட்டேன் அவனை.
அவன் முறைப்படி என்ன செய்வார்களோ தெரியாது,
ஒரு ஆரஞ்சுப் பழம் வாங்கி
சன்னலோரம் வைத்தேன்.
மூன்றாம் நாள் நானே தின்றேன்.

ஜூலையில், புக்கிட் மேரா ஈரச்சந்தையில்
வவ்வால் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டு
நிற்கிறான்.
'புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்,
மருமகளுக்கு அன்றுதான் ஓய்வு.'
என்னை மேலும் கீழும் பார்த்தான்.
'நீ போய்விட்டாய் என்று நினைத்தேன்.
உன் நம்பரைக்கூட நிறுத்திவிட்டேன்.'
இருமல் வரும்வரை சிரித்தோம்,
பிறகு இருவரும்
அவரவர் இருமலை உற்றுக் கேட்டோம்.
சளியா, வெறும் தொண்டையா?
மீன்காரர் பையை நீட்டியபடியே நின்றார்.

இரவில் சில நாள் வியர்க்கும்.
தலையணைமேல் கோமளவல்லி
ஒரு துண்டை விரித்து வைப்பாள்.
விடிந்ததும்
என் முகத்தைப் பார்க்கும் முன்
அதைத்தான் தொட்டுப் பார்ப்பாள்.
ஈரமென்றால் நாள்காட்டியில் ஒரு புள்ளி.
இன்று ஒன்றும் சொல்லாமல்
துண்டை மடித்துவைத்துவிட்டு
மின்தூக்கி பழுதாம், சீக்கிரம் கிளம்புங்கள்
என்றாள்.